எல்லாவற்றுக்கும் ஓம்

கொட்டாஞ்சேனை
12.03.2024

அன்புத் தங்கச்சி றேணுகாவுக்கு,

அக்கா மாக்ரெட் எழுதுகிறேன். நான் சுகம். வலது முழங்கால் மட்டும் சுகமில்லை, அது என்னோடு கோபமாக இருக்கிறது. நீயும் றமேஷும் மன்னார் வெயிலில் வதங்காமல் இருக்கிறீர்களா என்று எழுது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் மகள் நிஷாந்தி போனில் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை வெள்ளவத்தையில், படித்த பிள்ளைகள் நிறைந்த ஒரு ஹோலில், நான் மாடாக இருந்தேன். நாலு காலில். 'ம்மா' என்று கத்தியும் காட்டினேன்.

நடந்ததைக் கேள். நிஷாந்தி இங்கே வந்து என்னோடு தங்கி இரண்டு வருடமாகிறது. கந்தோர் விட்டால் வீடு, வீடு விட்டால் கந்தோர். வாய் திறப்பது சாப்பிட மட்டும்தான். இப்போது எப்படியோ ஒரு வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். டெரிக் என்று ஒருத்தர், கனடாவில் இருந்து திரும்பி வந்தவர், காலி வீதியில் ஒரு ரியூசன் ஹோலின் மேல்மாடியில் நாடகம் பழக்குகிறார். எழுதி வைத்த நாடகம் இல்லை. பாடமாக்க ஒன்றுமில்லை. மேடையில் ஏறி நின்றபிறகுதான் என்ன நாடகம் என்று நடிக்கிறவர்களுக்கே தெரியும். இம்ப்ரோ என்கிறார்கள். அம்மா உயிரோடு இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் தினமும் நடந்தது அதுதான், பெயர்தான் எங்களுக்குத் தெரியாது.

இடைவேளைக்கு நான் சுற்றி விற்கிற றோல்ஸும் தேத்தண்ணீரும் கொண்டுபோனேன். சிவமணி என்று ஒரு வங்கிப் பெடியன், கண்ணாடி போட்டவன், அவனுக்கு அன்று சோடி வரவில்லை. டெரிக் என்னைப் பார்த்தார்.

"அக்கா, தட்டை வைச்சிட்டு ஒருக்கா இங்க வாங்க."

போய் நின்றேன். அந்தச் சிவமணி என்னை விரலால் காட்டி, "இஞ்ச நிக்குது, காணாமப் போன என்ர மாடு" என்றான்.

அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. மற்ற ஆள் என்ன சொன்னாலும் 'ஓம்' என்று ஏற்றுக்கொண்டு, அதற்கு மேல் நாங்கள் ஒன்று வைக்க வேண்டும். இல்லை என்று சொன்னால் நாடகம் செத்துப்போகும். சரி என்று இறங்கினேன். பால் கறக்க வந்து குந்தினான். "தம்பி, காலமைதான் கறந்தது. இனி றோல்ஸ்தான் வரும்" என்றேன். ஹோல் முழுக்கச் சிரித்துச் சாய்ந்தது.

போனில் கதைத்தால் இரண்டு பேரில் ஒருத்தி கோபத்தில் வெட்டிவிடுகிறோம் என்றுதானே அம்மாவின் முப்பத்தோராம் நாளில் சுவாமி எங்களைக் கடிதம் எழுதச் சொன்னார். கடிதத்தை வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும். எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பாதே. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது. ரீச்சர் நீதான்.

உன் வீட்டு வாசலில் அந்தோனியார் காவல் நிற்கட்டும்.

உன் அக்கா
மாக்ரெட்


மன்னார்
28.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கு நாங்கள் இருவரும் நலம். தங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசிச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கவும். மாதாவிடம் அதையும் சேர்த்து மன்றாடுகிறேன்.

ஐம்பத்து மூன்று வயதில் நாலு காலில் நிற்பது தேவைதானா என்று கேட்டால் நீங்கள் கோபிப்பீர்கள். ஆகவே கேட்கவில்லை.

நிஷாந்தி போனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தக் கல்யாணப் பேச்சு முறிந்ததன் பிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவளை அந்த வகுப்புக்குத் தொடர்ந்து போகச் சொல்லுங்கள்.

பாரைக் கருவாடு கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். பிழைகளுக்கு வட்டம் போடவில்லை.

உடம்பைக் கவனியுங்கள்.

தங்கை
றேணுகா


கொட்டாஞ்சேனை
26.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நல்லெண்ணெய் பூசினேன். முழங்கால் பளபளப்பாக இருக்கிறது, நோவு அப்படியே இருக்கிறது. உங்கள் சுகத்தையும் எழுது. கருவாட்டின் வாசத்துக்குப் பக்கத்து வீட்டு பீபி சுவரால் எட்டிப் பார்த்து, "மாக்ரெட், எனக்குத் தராம சாப்பிட்டா வயித்த வலிக்கும்" என்றாள். அவளுக்கும் கொடுத்தேன்.

நானும் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. இடைவேளைக்கு மட்டும் வந்தவளை டெரிக் முழு நேரமும் நிற்பாட்டிவிட்டார். "அக்காவுக்குப் பயம் எண்ட சாமான் இல்லை. நான் இதைப் பழக்க ஆறு மாசம் எடுப்பன்" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார்.

ஒரு விளையாட்டு இருக்கிறது. வெறும் கையை நீட்டி, "இந்தாங்க, உங்களுக்கு ஒரு பரிசு" என்று ஒருத்தர் தருவார். வாங்குகிற ஆள்தான் அது என்ன என்று சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகள் மோதிரம், புறா என்று சொன்னார்கள். என்னிடம் தந்ததை நான் வாங்கி மணந்து பார்த்து, "மகன், குழந்தைக்குப் பம்பர்ஸ் மாத்தி எவ்வளவு நேரம்?" என்றேன். டெரிக் சிரித்துச் சிரித்துத் தரையில் இருந்துவிட்டார்.

உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடத்தில் எனக்குத் தெரிந்த ஒரே பதில் 'தெரியாது சிஸ்டர்'. அதற்கு அடி விழும். இங்கே தெரியாது என்றால் கை தட்டுகிறார்கள். தெரியாமல் நிற்பதுதான் இந்தக் கலையே என்கிறார் டெரிக். இவ்வளவு காலமும் நான் வைத்திருந்தது கலை என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லையே, ரீச்சர்.

றமேஷுக்கும் என் அன்பு. வெயில் ஏறுமுன் வீட்டுக்குள் போங்கள்.

மாக்ரெட் அக்கா


கொட்டாஞ்சேனை
09.06.2024

அன்புள்ள றேணு,

சுகமா? போன கடிதத்துக்குப் பதில் காணவில்லை. தபால்காரனைத் திட்டுகிறேன், அவன் பாவம். முழங்கால் முன்பு போலத்தான். மழை வந்தால் எனக்கு முதல் அதற்குத் தெரிகிறது.

உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன், ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டேன். ஜனவரியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வகுப்பை நான் எடுக்கப்போகிறேன். டெரிக் தன் வாயால் சொன்னார். "புதுசா வாற ஆக்களுக்குப் பயத்தைப் போக்கிறது உங்களைப் போல ஒருத்தருக்கும் வராது அக்கா. நீங்கதான் எடுக்கிறீங்க."

பீபி இப்போதே "ரீச்சர், தேங்காய் பாதி இருக்கா" என்று கூப்பிடுகிறாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, வேறு யாரையோ என்று நினைத்தேன். றேணு, என்னை ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நாங்கள் சின்னதில் ரீச்சர் விளையாட்டு விளையாடினபோதுகூட நீதான் ரீச்சர், நான் பிந்தி வருகிற பிள்ளை. என் மனுசன் போனதன் பிறகு எனக்கென்று இப்படி ஒன்று வந்ததில்லை. பிள்ளைகளுக்கு முதலில் என்ன சொல்வது என்று றோல்ஸ் சுற்றும்போது யோசிக்கிறேன். ஒரு நாள் இரண்டு றோல்ஸ் உள்ளே ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

ஓகஸ்ட் கடைசியில் முதல் காட்சி. சனம் ஒரு இடத்தைச் சொல்லும், நாங்கள் அந்த இடத்திலேயே ஒரு முழு நாடகத்தை உண்டாக்குவோம். நீ கட்டாயம் வரவேண்டும்.

உன் மகளும் முன்னேறிவிட்டாள். வியாழக்கிழமைகளில் வெள்ளவத்தையில் கோயில் பாட்டுக்குழு என்று போகிறாள். இரண்டு மாதமாகிறது, குரல் கொஞ்சமும் திருந்தவில்லை.

பதில் எழுது. கடவுள் உனக்குப் பேனை தருவாராக.

அக்கா


மன்னார்
30.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும். பரீட்சைத் தாள் திருத்தும் வேலை இருந்தது. முழங்காலுக்கு நல்ல டொக்டர் ஒருவரைப் பாருங்கள், பிற்போட வேண்டாம்.

நீங்கள் இந்தக் கலையில் இவ்வளவு சிறந்து விளங்குவது எங்கள் குடும்பத்துக்கே பெருமை. உங்களைப் போல் இயல்பாக ஒருவராலும் செய்ய முடியாது என்று நிஷாந்தி எப்போதும் சொல்வாள். நீங்கள் இப்போது இருப்பது போலவே இருங்கள். எதையும் மாற்ற வேண்டாம்.

வகுப்பு எடுப்பது பற்றி ஊரெல்லாம் சொல்ல வேண்டாம், அக்கா. டெரிக் போன்றவர்களுக்குப் பல யோசனைகள் இருக்கும். ஜனவரிக்கு இன்னும் காலம் இருக்கிறது.

பாட்டுக்குழு பற்றி அவளிடம் கேட்டுக் கரைச்சல் கொடுக்காதீர்கள். அவள் இப்போதுதான் நாலு பேரோடு பழகத் தொடங்கியிருக்கிறாள்.

காட்சிக்கு வருகிறேன். றமேஷுக்கு லீவு இல்லை.

தேவனின் சமாதானம் உங்களோடு இருப்பதாக.

றேணுகா


கொட்டாஞ்சேனை
28.08.2024

என் தங்கமான தங்கச்சிக்கு,

நல்லபடி ஊர் போய்ச் சேர்ந்தாயா? பஸ்ஸில் காலை நீட்ட இடம் கிடைத்ததா? முழங்காலைப் பற்றி இன்றைக்கு எழுத மாட்டேன், அது அன்று இரவு என்னைவிடச் சந்தோசமாக இருந்தது.

நீ விடியப் பஸ் பிடிக்க ஓடிவிட்டாய், கதைக்கவே நேரம் கிடைக்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன், நீ பார்த்ததுதான் என்றாலும் கேள்.

தொடங்குவதற்கு முன் டெரிக் என்னைக் கீழே அனுப்பினார். "அக்கா, கீழ போய்த் தேத்தண்ணிப் பிளாஸ்கை எடுத்திட்டு, நல்லா மூச்சு விட்டிட்டு வாங்க." அது ஒரு ராசியாம். நான் படியில் நிற்கும்போது மேலே சனம் ஒரே சிரிப்பு. நாடகம் தொடங்கவே இல்லை, டெரிக் என்ன பகிடி விட்டாரோ.

மேலே வந்து மேடையில் நின்றேன். "எங்க நடக்குது இந்தக் கதை? சொல்லுங்க" என்று அவர் கேட்டார். ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு ஒரு குரல், "கல்யாண வீடு!" உன் குரல் எனக்குத் தெரியாதா? வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரல். என் தங்கச்சி எனக்குக் கதை தந்துவிட்டாள் என்று நெஞ்சுக்குள் ஒன்று பொங்கியது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு பயமும் இல்லை.

நான் மாப்பிள்ளையின் தாய் என்றார்கள். ஓம் என்றேன். மாப்பிள்ளையைக் காணவில்லை என்றார்கள். ஓம் என்று தேடத் தொடங்கினேன். கதிரைக்குக் கீழே பார்த்தேன், திரைக்குப் பின்னால் பார்த்தேன். சிவமணி தேத்தண்ணீர் பரிமாறிக்கொண்டு பக்கத்தில் நின்றான். அவனிடம் பிளாஸ்கைக் கொடுத்து, "தம்பி, நீயும் போய் அவனைத் தேடு" என்றேன். ஹோல் இடிந்து விழுந்தது. கடைசியில் பார்த்தால் அவன்தான் மாப்பிள்ளை. எனக்குத்தான் கடைசி வரை விளங்கவில்லை. நிஷாந்திக்கு நல்ல காலம், பார், கைப்பைக்குள் ஒரு மாலை கிடந்திருக்கிறது. எடுத்து அவன் கழுத்தில் போட்டாள்.

நீ முன் வரிசையில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். கண்ணீர் வரச் சிரித்தாய். றேணு, சின்னதில் இருந்து என் பகிடிக்கு நீ ஒரு நாளும் சிரித்ததில்லை. அதைத்தான் நான் படுக்கையில் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

மாதா உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும், என் பெயரைச் சொல்லி.

உன் அக்கா மாக்ரெட்


மன்னார்
17.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடி வந்து சேர்ந்தேன். எல்லோரும் நலம்.

உங்கள் நடிப்பு எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா உங்களைக் காட்டி, "பாவம், யாரது?" என்று கேட்டார். நான் உங்கள் தங்கச்சி என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று வவுனியா தாண்டும்போது நினைத்தேன்.

முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

றேணுகா


கொட்டாஞ்சேனை
22.10.2024

றேணுகாவுக்கு,

நான் இருக்கிறேன். முழங்காலும் இருக்கிறது. நீங்கள் சுகம் என்று நம்புகிறேன்.

அந்த அம்மா என்னை ஏன் 'பாவம்' என்றார் என்று உன் கடிதத்தைப் படித்தபோது யோசித்தேன். பகிடிக்காரியை ஏன் பாவம் என்பார்கள்? போன சனிக்கிழமை விளங்கியது.

இரண்டாவது காட்சி. முதல் காட்சி போலவே கீழே போய்ப் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வந்தேன். டெரிக், "எங்க நடக்குது?" என்று கேட்டார். ஒருத்தர் "புதுக்கடை நீதிமன்றம்" என்றார். ஒருத்தர் "நீர்கொழும்பு பஸ், வத்தளையில பிறேக்டவுன்" என்றார். பின்னால் இருந்து யாரோ "மீன் மார்க்கெட்" என்றார்கள். டெரிக் காதில் கையை வைத்து, "ஆஸ்பத்திரியா? நல்லம், ஆஸ்பத்திரி" என்றார்.

ஒருத்தரும் ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. எனக்குக் கால்தான் பிழை, காது பிழை இல்லை.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மூன்று கதிரையைச் சேர்த்து வெள்ளைத் துணி விரித்துக் கட்டில் வந்துவிட்டது. உன் மகள் கைப்பையைத் திறந்து ஸ்டெதஸ்கோப் ஒன்றை எடுத்துக் கழுத்தில் போட்டாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்துச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு நான் ஒரு பகிடியும் விடவில்லை, றேணுகா. வாயே திறக்கவில்லை. அப்படியும் சிரித்தார்கள்.

முடிந்தபிறகு சிவமணியைப் படியில் பிடித்தேன். அவனுக்குப் பொய் வராது, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிடுவான்.

"அன்ரி, நாங்க வியாழக்கிழமைகளில பழகுறனாங்கள். உங்களுக்கு மட்டும் சொல்லேல்லை."

"சனத்துக்கு?"

"சனத்துக்குத் தெரியும். நீங்க பிளாஸ்க் எடுக்கப் போகேக்க டெரிக் அண்ணன் சொல்லுவார். மற்ற எல்லாரும் பழகியிருக்கினம், இந்த ஒரு ஆளுக்கு மட்டும் ஒண்டும் தெரியாது, அவவைப் பாருங்கோ எண்டு. எந்த இடத்தைக் கத்த வேணும் எண்டும் சொல்லுவார். இண்டைக்கு ஒப்புக்கொண்ட ஆள் மறந்திட்டுது."

பாட்டுக்குழுவில் குரல் ஏன் திருந்தவில்லை என்று விளங்கிவிட்டது.

டெரிக்கிடம் போனேன். அவர் வெட்கப்படவே இல்லை. "அக்கா, தெரிஞ்சால் அந்த முகம் வராது. சனம் அந்த முகத்துக்குத்தான் வருது. நீங்கதான் ஷோ" என்றார். பாராட்டு மாதிரித்தான் சொன்னார்.

"அப்ப ஜனவரி வகுப்பு?"

போனை எடுத்துப் பார்த்தார். "அது நிஷாந்தி எடுக்கிறா. வகுப்பு எடுத்தா உங்களுக்கு எல்லாம் விளங்கிடும் அக்கா. பிறகு மேடைக்கு உதவாது."

ஓம் என்றேன். அதுதானே சட்டம். பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் உன் மகள் சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள். "கல்யாண வீட்டுக்கு மாலை, ஆஸ்பத்திரிக்கு ஸ்டெதஸ்கோப். உன்ர பைக்குள்ள லோயர்மாற்ற கறுப்புக் கோட்டும் கிடக்கோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"பெரியம்மா, உங்களை எல்லாருக்கும் எவ்வளவு விருப்பம் தெரியுமா?"

"தெரியாது. எனக்குத்தான் ஒண்டும் தெரியாதே."

அழுதாள். அம்மாவிடம் ஜூலையிலேயே எல்லாம் சொன்னேன், வகுப்பு விசயமும் சொன்னேன், அம்மா பேசாமல் இருக்கச் சொன்னா என்றாள்.

பள்ளிக்கூடத்தில் தெரியாது என்றால் அடி, இங்கே கைதட்டு என்று எழுதினேன் அல்லவா? இரண்டும் ஒன்றுதான், றேணுகா.

ஒன்று மட்டும் கேட்கிறேன். டெரிக் சனத்துக்குச் சொல்லும்போது நீ ஹோலுக்குள் இருந்தாய். 'கல்யாண வீடு' என்று கத்தியது நீ. ஏன் கத்தினாய்?

மாக்ரெட்


மன்னார்
01.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே கடும் மழை. வீட்டு முற்றம் வரை வெள்ளம் வந்து வடிந்தது. பாடசாலை ஒரு கிழமை பூட்டு. ஆண்டவர் காப்பாற்றினார். உங்கள் பக்கம் எப்படி? குளிருக்கு முழங்கால் கூட நோகும், கம்பளித் துணி சுற்றுங்கள்.

நிஷாந்தி சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவள் உங்களை நோகடிக்க நினைத்தவள் அல்ல. வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த பிள்ளை இப்போது நாலு பேருக்கு முன்னால் நிற்கிறாள். ஒரு தாயாக நான் அதைத்தான் பார்த்தேன். டெரிக் உங்களை இப்போதும் மேடைக்குக் கேட்கிறாராம். யோசித்துப் பாருங்கள்.

நத்தாருக்குக் கருவாடும் ஒடியல் மாவும் அனுப்புகிறேன்.

தங்கை
றேணுகா


கொட்டாஞ்சேனை
08.12.2024

றேணுகாவுக்கு,

வெள்ளம் வடிந்தது சந்தோசம். முழங்கால் அப்படியே. உன் மகள் சாப்பிடுகிறாள், நான் வைக்கிறேன்.

ஏன் கத்தினாய்?

மாக்ரெட்


மன்னார்
06.01.2025

அக்காவுக்கு,

புது வருடம் உங்களுக்குச் சுகத்தைத் தரட்டும். நாங்கள் இருக்கிறோம்.

நான் கத்தியது உங்களுக்குச் சந்தோசமாக இருந்தது என்று நீங்களே எழுதினீர்கள். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது.

டெரிக், "கல்யாண வீடு எண்டு யாராவது ஒராள் கத்துங்கோ" என்றுதான் சொன்னார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீங்கள் பிளாஸ்கோடு அந்தப் பெரிய வெளிச்சத்தில் நின்றீர்கள். நான் கத்தினேன்.

ஜம்பட்டா வீதியில் ஒரு நாள் நீங்கள் என்னைக் காட்டி ஒன்று சொல்ல, எல்லோரும் சுற்றி நின்று சிரித்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அதை நான் இங்கே எழுத வரவில்லை.

கருவாடு கிடைத்ததா என்று எழுதவும்.

றேணுகா


கொட்டாஞ்சேனை
11.02.2025

றேணுகாவுக்கு,

அக்கா எழுதுவது. கருவாடு கிடைத்தது. திருப்பி அனுப்பவில்லை, சமைக்கவும் இல்லை. அலுமாரிக்கு மேலே இருக்கிறது, வீடு முழுக்க நீ வந்து நிற்கிற மாதிரி ஒரு வாசம். றமேஷைச் சுகம் கேட்டதாகச் சொல்.

ஜம்பட்டா வீதியை நான் யோசித்துப் பார்த்தேன். றோல்ஸ் சுற்றும்போதும் யோசித்தேன், பூசையிலும் யோசித்தேன். உண்மையாகவே ஞாபகம் வரவில்லை. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நூறு பகிடி வருகிறது, எது என்று தெரியவில்லை. அதுதான் உனக்கு இவ்வளவு காலமும் நொந்திருக்கிறது என்று விளங்குகிறது. ஆனால் விளங்குகிறது என்பதற்காகப் பரவாயில்லை என்று எழுத எனக்கு வரவில்லை. பத்து வயதில் உனக்கு நான் என்ன செய்தேனோ, அதை நீ எனக்குச் சொல்லியிருக்கலாம். அதற்குத்தானே கடிதம். நீ ஐந்து மாதம் என் முழங்காலைச் சுகம் விசாரித்துக்கொண்டு இருந்தாய்.

நிஷாந்தி வெள்ளவத்தையிலேயே அறை எடுத்துவிட்டாள். வகுப்பு எடுக்க அதுதான் வசதி. போகிற அன்று றோல்ஸ் கட்டிக் கொடுத்தேன். படியில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பழகின அழுகையா, பழகாத அழுகையா என்று எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை. முன்பு தெரியும்.

டெரிக் இரண்டு முறை ஆள் அனுப்பினார். இல்லை என்று சொன்னேன். ஒரு வருடத்தில் அதுதான் முதல் 'இல்லை'. நாக்குக்குப் புதிதாக இருந்தது.

நான் இங்கே ஒரு வகுப்புத் தொடங்கியிருக்கிறேன். சுவாமி கோயில் ஹோலை ஞாயிறு பின்னேரங்களில் தந்தார். பீபி வருகிறாள், அவளுடைய மருமகள் வருகிறாள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி இளைப்பாறின கிளெமென்ற் வருகிறார், ஒழுங்கையில் இன்னும் சிலர். முதல் நாளே எழுந்து நின்று சட்டத்தைச் சொன்னேன். இந்த அறைக்குள் ஒருத்தருக்கும் முன்கூட்டி ஒன்றும் தெரியக்கூடாது, எனக்கும் சேர்த்து. ஒருத்தருக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரிய வேண்டும். கீழே போய்ப் பிளாஸ்க் எடுக்கிற வேலையே இல்லை, பிளாஸ்க் மேசையில் எல்லோருக்கும் முன்னால் இருக்கும். கிளெமென்ற் கையை உயர்த்தி, "ரீச்சர், சீனி போட்டதா போடாததா எண்டு மட்டும் முன்கூட்டிச் சொல்லலாமா?" என்றார். அவரைத் திட்டினேன்.

பிறகு பாடம். ஒருத்தருக்கும் எழும்ப வெட்கம். சரி, நானே செய்து காட்டுகிறேன் என்று மாடாக இறங்கினேன். பீபி பால் கறந்தாள். "காணும், இனி எழும்பு" என்றாள். முழங்கால் பிடித்துவிட்டது. எழும்ப முடியவில்லை. அதை அவர்களுக்குச் சொன்னேன், நம்பவில்லை. பீபி, "ஓம் ரீச்சர், எழும்ப ஏலாத மாடு" என்று தானும் பக்கத்தில் இறங்கினாள். கிளெமென்ற் கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். மிச்ச வகுப்பை அப்படியே எடுத்தேன். கோயில் திறப்பு வைத்திருக்கிற செபஸ்தியன் நேரமாகிவிட்டது என்று கதவைத் திறந்து, நாலு காலில் நின்ற எங்களைப் பார்த்தான். ஃபானை நிற்பாட்டி, லைற்றை அணைத்து, மாட்டுக் கொட்டிலைப் பூட்டுகிற மாதிரிக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான்.

மாக்ரெட்